ஒன்பது நாள் ராணி

கேள்வி: இங்கிலாந்தை ஒன்பது நாள் ஆண்ட ஜேன் கிரே, பதவி ஆசையில்தானே தலையைப் பறிகொடுத்தாள்? அவளுக்காக ஏன் இத்தனை பேர் உருகுகிறார்கள்?

பதில்: ஆசைப்பட்டவர்கள் வேறு, தலையைக் கொடுத்தவள் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

1553-ல் மன்னர் ஆறாம் எட்வர்ட் பதினைந்து வயதில் சாகக் கிடந்தார். அடுத்து வர வேண்டியவர் அக்கா மேரி, கத்தோலிக்கர். எட்வர்டின் ஆட்சியோ புராட்டஸ்டன்ட் ஆட்சி. அவர் வந்தால் ஆட்சியைக் கையில் வைத்திருந்த நார்தம்பர்லாண்ட் கோமகனின் பாடு திண்டாட்டம். மன்னருக்கு அத்தை பேத்தி முறையான ஜேனை, மே மாதமே தன் மகன் கில்ஃபோர்டுக்குக் கட்டிவைத்துவிட்டார். எட்வர்ட் கைப்பட எழுதிய வாரிசுத் தாள் இன்றும் இருக்கிறது. முதலில் அதில் 'ஜேனின் ஆண் வாரிசுகளுக்கு' என்றுதான் இருந்தது. அப்புறம் ஓர் எழுத்தை அடித்து, மேலே இரண்டு சொல்லைச் செருகி, 'ஜேனுக்கும் அவளுடைய ஆண் வாரிசுகளுக்கும்' என்று மாற்றினார்கள். கிரீடமும் கோடரியும் அவளைத் தேடி வந்தது அந்த இரண்டு சொல்லின் வழியாகத்தான்.

அவள் ஆசைப்பட்டது எதற்கு என்றும் தெரியும். 1550-ல் அறிஞர் ரோஜர் ஆஸ்கம் ஜேன் குடும்பத்தின் பிராட்கேட் மாளிகைக்குப் போனபோது வீடே வேட்டைக்குப் போயிருந்தது. ஜேன் மட்டும் தனியே உட்கார்ந்து, சாக்ரடீஸின் கடைசி நேரத்தைச் சொல்லும் பிளேட்டோவின் நூலைக் கிரேக்கத்திலேயே படித்துக்கொண்டிருந்தாள். நின்றாலும் உட்கார்ந்தாலும், தைத்தாலும் சாப்பிட்டாலும், அச்சுப் பிசகினால் பெற்றோரிடம் கிள்ளும் அடியும்தான், பாடம் சொல்லும் ஆசிரியரிடம் மட்டுமே நிம்மதி என்று ஆஸ்கமிடம் சொன்னாள்.

அதற்காக, ஒன்றும் அறியாத பொம்மை என்று இரக்கப்படுவதும் எனக்கு உடன்பாடில்லை. ஜூலை 10-ல் ராணியாக அறிவித்தார்கள். கணவனை ராஜாவாக்கச் சொல்லி நெருக்கியபோது, கோமகன் பட்டம் தருகிறேன், ராஜா பட்டம் முடியாது என்றாள். 19-ஆம் தேதி எல்லாம் கவிழ்ந்தது, மேரி ராணியானார். அவள் தலைக்கு மேலிருந்த ராஜ விதானத்தை இறக்கியது பெற்ற தகப்பன். மாமனார் உயிர் தப்பலாம் என்று கத்தோலிக்கராக மாறிப் பார்த்தார், ஆகஸ்டில் தலை போயிற்று. ஜேனை மாற்ற மேரி அனுப்பிய பாதிரியார் ஃபெக்கனம் நாள்கணக்கில் வாதாடினார். அவள் மசியவில்லை. ஆனால் கொலைமேடைவரை கூட வர அவரை அனுமதித்தாள்.

மேரி அவளைக் கொல்லத் துடிக்கவில்லை. மரண தண்டனை விதித்த பிறகும் மாதக்கணக்கில் நிறுத்தியே வைத்திருந்தார். 1554 ஜனவரியில் ஜேனின் தகப்பனார் மேரிக்கு எதிரான கலகத்தில் சேர்ந்தார். அதோடு மகளின் விதி முடிந்தது.

பிப்ரவரி 12. லண்டன் கோபுரக் கோட்டை. காலையில் கில்ஃபோர்டின் உடல் வண்டியில் திரும்புவதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் நடந்தாள். உங்கள் கேள்விக்கு மேடையில் அவளே பதில் சொல்லியிருக்கிறாள்: கிரீடத்துக்குச் சம்மதித்தது தவறு, ஆனால் அதைத் தேடிய குற்றம், விரும்பிய குற்றம் எனக்கில்லை என்று. பிறகு கைக்குட்டையைத் தானே கண்ணில் கட்டிக்கொண்டாள். தலையை வைக்க வேண்டிய கட்டை கைக்கு அகப்படவில்லை. "நான் என்ன செய்வேன்? எங்கே அது?" என்று காற்றில் துழாவினாள். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர் வழி காட்டினார். அவளுக்கு வயது பதினாறோ பதினேழோ.