நரம்புச் செல்லும் வளர்ச்சிக் காரணியும்: கேள்வி பதில்

கேள்வி: என்ஜிஎஃப் என்ற நரம்பு வளர்ச்சிக் காரணி, உட்கருவுக்குள் போய் மரபணுவைத் தொடுகிறதா?

பதில்: இல்லை. செல் சவ்வில் இருக்கும் டிரக்-ஏ என்ற ஏற்பியில் வந்து ஒட்டிக்கொள்வதோடு அதன் வேலை முடிந்தது. உடனே ஏற்பிகள் ஜோடி சேர்ந்து, செல்லுக்குள் நீண்டிருக்கும் தங்கள் வால்களில் ஒன்றுக்கொன்று பாஸ்பேட்டை ஏற்றிவிடும். அப்புறம் ராஸ், ராஃப், மெக், இஆர்கே என்ற புரதங்கள் வழியே வரிசையாகச் சேதி கைமாறுகிறது. கடைசியில் உட்கருவுக்குள் நுழைவது இஆர்கேதான். அது தூண்டிவிட்ட ஆர்எஸ்கே என்ற நொதி, மரபணுக்களை இயக்கும் கிரெப் என்ற புரதத்தின் 133ஆம் அமினோ அமிலமான செரீனில் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. கிரெப் பெரும்பாலும் ஏற்கெனவே டிஎன்ஏ மேல்தான் உட்கார்ந்திருக்கும். பாஸ்பேட் வந்ததும் துணைப் புரதங்கள் அதோடு சேர்கின்றன, படியெடுத்தல், அதாவது மரபணுவை ஆர்என்ஏவாக நகலெடுப்பது, தொடங்குகிறது. சி-ஃபாஸ் மரபணு சில நிமிடங்களிலேயே இயங்கிவிடும். அதற்குப் புதிய புரதம் எதுவும் தேவையில்லை, எல்லாம் தயாராகக் காத்திருக்கிறது. அந்த மரபணுவிலிருந்து உருவாகும் ஃபாஸ் புரதமும் படியெடுத்தலை இயக்கும் ஒரு காரணி என்பதால், அடுத்த வரிசை மரபணுக்களை அது எழுப்புகிறது.

கேள்வி: இஜிஎஃப் என்ற இன்னொரு காரணியும் இஆர்கேயைத்தானே தூண்டுகிறது? பிசி12 செல்களில் இஜிஎஃப் கொடுத்தால் பெருகுகின்றன, என்ஜிஎஃப் கொடுத்தால் நரம்பு போல நீட்சிகள் விடுகின்றன. ஏன்?

பதில்: இந்தத் துறையிலேயே எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. பிசி12 என்பது எலியின் அட்ரினல் சுரப்பிக் கட்டியிலிருந்து உருவாக்கப்பட்டு, 1976இல் வெளியான செல் வரிசை. அதில் இஜிஎஃப் எழுப்பும் இஆர்கே சமிக்ஞை சீக்கிரமே அடங்கிவிடும். என்ஜிஎஃப் எழுப்பியதோ மணிக்கணக்கில் நீடிக்கும். அந்த நேர வித்தியாசத்தைச் செல் எப்படி உணர்கிறது? ஃபாஸ் விரைவில் சிதைந்துபோகும் புரதம். அது உருவாகி வரும்போதும் இஆர்கே விழித்திருந்தால், அதன் மேல் பாஸ்பேட் ஏறி அது நிலைக்கும். இல்லையென்றால் வந்த வேகத்தில் அழியும். நார்த்திசுச் செல்களில் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். அதனால் காரணியின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது, எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: என்ஜிஎஃப் கிடைப்பது ஆக்சான் என்ற நரம்புச் செல்லின் நீண்ட இழையின் நுனியில். உட்கரு வெகு தூரத்தில். சேதி எப்படிப் போகிறது?

பதில்: ஏற்பியும் அதில் ஒட்டிய என்ஜிஎஃபும் சேர்ந்து ஒரு சிறு பையாகச் செல்லுக்குள் இழுக்கப்படுகின்றன. டைனீன் என்ற மோட்டார் புரதம் அந்தப் பையை, செல்லுக்குள் தண்டவாளம் போல ஓடும் நுண்குழல்கள் வழியே சுமந்து வருகிறது. வழி நெடுக ஏற்பி விழிப்பாகவே இருக்கும். உணர்வு நரம்புச் செல்களில் இப்படி வந்து சேரும் சேதி, இஆர்கே5 என்ற வேறொரு பாதையை எழுப்பி, உயிர் காக்கும் மரபணுக்களை இயக்குகிறது. காரணி ஒன்றேதான், ஆனால் செல் உடல் மேலேயே பட்டால் ஒரு விதம், ஆக்சான் நுனியில் பட்டால் வேறு விதம்.

கேள்வி: என்ஜிஎஃப் கிடைக்காத செல் பட்டினியால் சாகிறதா?

பதில்: அப்படித்தான் தோன்றும், ஆனால் இல்லை. 1988இல், என்ஜிஎஃப் நீக்கப்பட்ட பரிவு நரம்புச் செல்களில் (உள்ளுறுப்புகளையும் சுரப்பிகளையும் தானாக இயக்குபவை) ஆர்என்ஏ உருவாவதை மருந்தால் தடுத்தார்கள். செல்கள் சாகவில்லை! அதாவது, சாவதற்கே புதிய மரபணுக்கள் இயங்க வேண்டியிருக்கிறது. என்ஜிஎஃப் இருக்கும்வரை ஏகேடி என்ற நொதி, ஃபாக்ஸோ புரதங்களை உட்கருவுக்கு வெளியே நிறுத்தி வைக்கிறது. என்ஜிஎஃப் போனதும் ஃபாக்ஸோ உள்ளே போகும், மரபணுக்களை இயக்கும் சி-ஜூன் என்ற புரதமும் எழும், பிம் போன்ற மரணப் புரதங்கள் உருவாகும்.

கேள்வி: என்ஜிஎஃபை மாத்திரையாக விழுங்க முடியுமா?

பதில்: முடியாது. புரதம், குடலில் செரித்துவிடும். ஊசியாகப் போட்டால் வலியைக் கூட்டும்.

கேள்வி: மனிதரில் இந்தப் பாதை பழுதானால்?

பதில்: பிறவியிலேயே வலியும் தெரியாது, வியர்வையும் வராது என்ற ஓர் அரிய நோய் உண்டு. டிரக்-ஏ மரபணுவில் உள்ள பிழைதான் காரணம் என்று 1996இல் கண்டறிந்தார்கள். வலியை உணரும் செல்களும், வியர்வைச் சுரப்பியை இயக்கும் பரிவு நரம்புச் செல்களும் கருவில் வளரும்போது என்ஜிஎஃபை நம்பியே உயிர் வாழ்கின்றன. ஏற்பி பழுதானதால் அவை தங்குவதில்லை. அந்தக் குழந்தைகள் நாக்கைக் கடித்துக்கொண்டாலும் அழுவதில்லை.