அமெரிக்க ராக் குழு வீஸரின் ‘பிங்கர்டன்’ உண்மையிலேயே அவ்வளவு பெரிய ஆல்பமா? 2010 டீலக்ஸ் பதிப்பை வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் முதல் ஒரு வாரத்துக்கு முதல் பத்துப் பாட்டைத் தாண்டாதீர்கள். 1996இல் வந்த ஆல்பம் அந்தப் பத்துதான், மிச்சமெல்லாம் டீலக்ஸ் பதிப்பில் பின்னால் சேர்த்தவை.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், குழுவின் முதல் ஆல்பமான ‘ப்ளூ ஆல்பம்’ பிடித்துப்போய், அடுத்தது என்ன என்று தேடி, ஆப்பில் முதலில் வந்த டீலக்ஸ் பதிப்பைத் தட்டிவிட்டிருக்கிறீர்கள். ‘பிங்க் ட்ரையாங்கிள்’ என்ற ஒரே பாட்டு மூன்றாவது தடவை வந்ததும், இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றியிருக்கும். தப்பு உங்களுடையதில்லை. அந்தப் பதிப்பை அடுக்கியிருக்கும் விதம் அப்படி.

முதலில் ஒரு கட்டுக்கதையைக் கழித்துவிடுவோம். ‘விமர்சகர்கள் எல்லோரும் சேர்ந்து கொன்றார்கள், காலம் உயிர் கொடுத்தது’ என்று ரசிகர்கள் சொல்வது பாதிதான் சரி. 1996 செப்டம்பர் 24 அன்று வந்த ஆல்பம் பில்போர்டு பட்டியலில் 19ஆம் இடம் வரை ஏறியது. முதல் ஆல்பத்தின் விற்பனையோடு வைத்துப் பார்த்தால் பெரிய சறுக்கல், அதில் சந்தேகமில்லை. ஆனால் ரோலிங் ஸ்டோன் விமர்சகர் கொடுத்தது 3 நட்சத்திரம். அது நடுவாந்தர மதிப்பெண், கொலை இல்லை. அந்த ஆண்டின் மோசமான ஆல்பங்களில் ஒன்று என்று முத்திரை குத்தியது அதே பத்திரிகையின் வாசகர் வாக்கெடுப்பு. அதாவது ரசிகர்களேதான். அதே பத்திரிகை 2004இல் 5 நட்சத்திரம் கொடுத்தது. 2010 டீலக்ஸ் பதிப்புக்கு பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளம் பத்துக்குப் பத்து போட்டது. இடையில் இந்த ஆல்பத்தை எல்லோரையும்விடக் கடுமையாகத் தூற்றியவர் இதை எழுதிப் பாடிய ரிவர்ஸ் குவோமோதான். 2001 வாக்கில் பேட்டிகளில் இதைத் தன் அவமானம் என்கிற அளவுக்குப் பேசினார். பிறகு மனம் மாறி, 2010இல் ‘மெமரீஸ்’ சுற்றுப்பயணத்தில் முழு ஆல்பத்தையும் மேடையில் வாசித்தார்.

இந்த ஆல்பத்தை எமோவின், அதாவது அந்தரங்க உணர்ச்சிகளைக் கொட்டும் பங்க் ராக் வகையின், முன்னோடி என்பார்கள். “வீஸர் எமோவே இல்லை” என்று கருத்துப் பெட்டியில் யாராவது வருவார்கள், தெரியும். ஒப்புக்கொள்கிறேன். எமோவின் வேர் 1985 வாக்கில் வாஷிங்டன் டிசியின் ஹார்ட்கோர் பங்க் குழுக்களில் இருக்கிறது, ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் போல. வீஸர் லாஸ் ஏஞ்சலஸின் பாப் ராக் குழு. ஆனால் 2000க்குப் பிறகு வந்த எமோ குழுக்களின் பாட்டெழுத்தில் எந்த ஆல்பத்தின் சாயல் அதிகம் என்று கேட்டால் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. குலம் கோத்திரம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

காதுக்கு முதலில் உறுத்துவது ஒலி. ‘ப்ளூ ஆல்பத்தை’த் தயாரித்தவர் ரிக் ஒகாசெக், ஒவ்வொரு கிட்டாரும் இழைத்து வைத்த பலகை மாதிரி இருக்கும். இரண்டாவது ஆல்பத்தில் வெளித் தயாரிப்பாளர் கிடையாது, குழுவே தயாரித்துக்கொண்டது. குவோமோ, கிட்டாரிஸ்ட் பிரையன் பெல், பேஸ் வாசிக்கும் மேட் ஷார்ப் மூவரும் தனித்தனியாகப் பாடி ஒட்டாமல், மூன்று மைக்கைச் சுற்றி நின்று சேர்ந்தே பாடினார்கள். அதனால்தான் கோரஸ் வரும்போது குரல்கள் ஒன்றுமேல் ஒன்று வழுக்குகின்றன, ஷார்ப்பின் கள்ளக்குரல் (ஃபால்செட்டோ) ஒரு மயிரிழை தள்ளி நிற்கிறது. பேட்ரிக் வில்சனின் டிரம்ஸில் தோல் அடிபடும் ஓசையோடு அறை அதிர்வதும் கேட்கும். முதல் பாட்டு ‘டயர்டு ஆஃப் செக்ஸ்’ தொடங்கும்போது சின்தசைசர் உறுமுவதைக் கேட்டு ஹெட்போன் கெட்டுவிட்டதோ என்று கழற்றிப் பார்க்காதீர்கள். அது அப்படித்தான்.

இந்தக் கரடுமுரடால்தான் எதில் கேட்கிறீர்கள் என்பது முக்கியமாகிறது. ஒற்றை ஸ்பீக்கர் உள்ள சின்ன ப்ளூடூத் பெட்டியில் இடது வலது கிட்டார்கள் ஒன்றாகக் குழைந்து வெறும் இரைச்சலாகிவிடும். ஹெட்போன் போதும், விலை உயர்ந்தது தேவையில்லை. பேஸ் பூஸ்ட்டை அணைத்துவிடுங்கள். ஷார்ப்பின் பேஸ் ஏற்கெனவே உறுமல் கலந்தது, அதை இன்னும் ஏற்றினால் குரல் புதைந்துபோகும். ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு கலக்கும் கிராஸ்ஃபேடு ஆப்பில் இருந்தால் அதைப் பூஜ்யத்தில் வையுங்கள். ஷஃபிள் கூடவே கூடாது, ஏனென்றால் பாட்டுகள் பெரும்பாலும் எழுதப்பட்ட வரிசையிலேயே அடுக்கப்பட்டிருக்கின்றன. மேடைப் புகழில் அலுத்துப்போனவன் ஒருவன் படிப்படியாகத் தனிமைக்குள் இறங்குவதை அந்த வரிசைதான் சொல்கிறது. மொத்தமே ஏறக்குறைய முப்பத்தைந்து நிமிடம். எழுந்திருக்காமல் கேட்டுவிடலாம்.

பின்னணி தெரிந்தால் இன்னும் பிடிபடும். 1994 கடைசியில் குவோமோ ‘சாங்ஸ் ஃப்ரம் த பிளாக் ஹோல்’ என்று விண்வெளியில் நடக்கும் ஒரு ராக் ஆப்பரா, அதாவது பாட்டுகளாலேயே சொல்லும் கதை, எழுதத் தொடங்கினார். அவருக்குப் பிறவியிலேயே ஒரு கால் நீளம் குறைவு. 1995இல் அறுவை சிகிச்சை செய்து, காலைச் சுற்றி உலோகச் சட்டம் மாட்டி, அதன் திருகுகளைத் தினமும் திருகி எலும்பை நீட்ட வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஹார்வர்டில் மாணவராகச் சேர்ந்தார். ராக் ஸ்டார், கையில் ஊன்றுகோல், பேச்சுத்துணைக்கு ஆளில்லை. விண்வெளிக் கதை கைவிடப்பட்டு, அந்த இடத்தில் இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் ‘மதாமா பட்டர்ஃப்ளை’ ஆப்பரா வந்து உட்கார்ந்தது. அதில் நாகசாகியில் ஒரு சிறுபெண்ணை மணந்து கைவிட்டுப் போகும் அமெரிக்கக் கடற்படை அதிகாரியின் பெயர்தான் பிங்கர்டன். அதே பெயரில் இருக்கும் பாதுகாப்பு நிறுவனம், வெளியீட்டுக்கு முந்தின நாள் தடையுத்தரவு வாங்கியது. பிறகு நீதிபதி வழக்கைத் தள்ளிவிட்டார்.

தலைப்பு தற்செயலில்லை என்பதை ஆல்பத்தைப் புகழ்கிறவர்களும் திட்டுகிறவர்களும் மறந்துவிடுகிறார்கள். ‘அக்ராஸ் த ஸீ’ பாட்டில், ஜப்பானிலிருந்து கடிதம் எழுதிய பதினெட்டு வயது ரசிகையின் காகிதத்தை இவன் முகர்கிறான், உறையை நக்குகிறான், அவள் என்ன உடுத்திப் பள்ளிக்குப் போவாள் என்று கற்பனை செய்கிறான். கேட்கவே கூசும். “எவ்வளவு நேர்மை!” என்று உருகுகிறவர்கள் ஒரு பக்கம், “ஆபாசம்” என்று தூக்கி எறிகிறவர்கள் மறுபக்கம். எறிகிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆசியப் பெண்ணைப் பொம்மையாகப் பார்க்கும் பார்வை அந்தப் பாட்டில் அப்பட்டமாக இருக்கிறது. ஆனால் வில்லனின் பெயரையே ஆல்பத்துக்கு வைத்தவன், தான் யார் என்று தெரியாமலா வைத்தான்? கடைசிப் பாட்டு ‘பட்டர்ஃப்ளை’யில் கிட்டார் இரைச்சல் எல்லாம் வடிந்து, ஒரே ஒரு அகௌஸ்டிக் கிட்டாரோடு மன்னிப்புக் கேட்டு முடிக்கிறான். அந்த மன்னிப்பை நம்புவதா வேண்டாமா என்பதுதான் ஆல்பத்தின் மொத்தச் சிக்கலும்.

டீலக்ஸ் பதிப்பின் மேல் எனக்குள்ள கோபம் இங்கேதான். ‘பட்டர்ஃப்ளை’ முடிந்ததும் ஒரு மௌனம் இருக்க வேண்டும். அதே தட்டில் அடுத்ததாக ‘யூ கேவ் யுவர் லவ் டு மீ சாஃப்ட்லி’ பாய்ந்து வருகிறது. நல்ல பாட்டு, ஆனால் சாவு வீட்டில் நாதஸ்வரம். முதல் தட்டில் பத்துப் பாட்டை மட்டும் விட்டுவிட்டு, மிச்சத்தை எல்லாம் இரண்டாவதிலும், போதாவிட்டால் மூன்றாவதாக ஒன்று சேர்த்து அதிலும் போட்டிருக்கலாம்.

ஆகவே பத்துப் பாட்டுக்கு ஒரு பிளேலிஸ்ட், மிச்சத்துக்கு இன்னொன்று. இரண்டாவதில் சேர்க்க வேண்டியவை: மேலே சொன்னது, ‘டிவோஷன்’, ‘வெயிட்டிங் ஆன் யூ’, ‘ஐ ஜஸ்ட் த்ரூ அவுட் த லவ் ஆஃப் மை ட்ரீம்ஸ்’, ‘லாங் டைம் சன்ஷைன்’, ‘கெட்டிங் அப் அண்ட் லீவிங்’, ‘ட்ராஜிக் கேர்ள்’. ‘ஐ ஜஸ்ட் த்ரூ அவுட்…’ பாட்டைப் பாடியது ரேச்சல் ஹேடன். விண்வெளி ஆப்பராவில் ஒரு பெண் பாத்திரத்துக்காக எழுதியது என்பதால் குரல் மாறியதும் குழம்ப வேண்டாம். ‘ட்ராஜிக் கேர்ள்’ ஒன்றுக்காகவே பதிப்பை வாங்கலாம் என்பேன். ஆல்பத்தின் பத்தில் ஒன்றாக இருந்திருக்க வேண்டியது.

நேரடிப் பதிவுகளில் 1996 ஆகஸ்ட் ரீடிங் விழா மட்டும் போதும். ஆல்பம் வெளிவர ஒரு மாதம் இருக்கும்போது வாசித்தது. மற்றபடி ‘த குட் லைஃப்’, ‘எல் ஸ்கார்ச்சோ’, ‘பிங்க் ட்ரையாங்கிள்’ மூன்றையும் வானொலிக்கு, அகௌஸ்டிக்கில், மேடையில் என்று திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு ஆகும்.

சம்பந்தமில்லாமல் ஒன்று. யூடியூபில் ‘ரீமாஸ்டர்’ என்று தலைப்புப் போட்டு, ட்ரெபிளையும் பேஸையும் ஏற்றிவிட்டு, எதிரொலி சேர்த்துப் பதிவேற்றுகிறார்களே, அதற்குப் பெயர் ரீமாஸ்டர் இல்லை. நம் பழைய படப் பாட்டுகளையும் விட்டுவைப்பதில்லை. மூல நாடாவைக் கண்ணால் பார்க்காதவர் செய்வது வெறும் ஈக்வலைசர் விளையாட்டு. ‘பிங்கர்டனை’ அப்படிப்பட்ட பதிவேற்றத்தில் கேட்டுவிட்டு யாரும் அபிப்பிராயம் சொல்ல வேண்டாம்.

கிட்டார் வைத்திருந்தால்: கூடவே வாசிக்கும்போது ஒத்தே வராது, உங்கள் விரலைக் குறை சொல்லாதீர்கள். இந்தக் காலத்து வீஸர் பாட்டுகள் பெரும்பாலும் அரை சுரம் இறக்கிய ட்யூனிங். தடித்த கம்பியிலிருந்து ஈ ஃபிளாட், ஏ ஃபிளாட், டி ஃபிளாட், ஜி ஃபிளாட், பி ஃபிளாட், ஈ ஃபிளாட். கேப்போ உதவாது, அது ஏற்றத்தான் செய்யும். கீபோர்டு என்றால் ட்ரான்ஸ்போஸ் மைனஸ் ஒன்று. ‘எல் ஸ்கார்ச்சோ’வில் தொடங்குங்கள், தளர்வான வாசிப்புதான் அதற்கு அழகு, நடுவில் வேகம் திடீரென்று ஓட்டமெடுக்கும் இடத்தில் மட்டும் மெட்ரோனோம் வேண்டும். ‘ஃபாலிங் ஃபார் யூ’வைக் கடைசிக்கு வையுங்கள். கார்டுகள் மாறிக்கொண்டே இருக்கும், சுருதியும் நகரும்.

எங்காவது பழைய சிடி கையில் கிடைத்தால் விடாதீர்கள். அட்டையில் இருப்பது ஹிரோஷிகேயின் மரச்செதுக்கு ஓவியம், கம்பாரா ஊரின் இரவுப் பனி. தட்டுக்கு அடியில் ஒரு கற்பனைத் தீவின் வரைபடம் இருக்கும், இத்தாலியப் பெயரோடு, ‘பட்டாம்பூச்சித் தீவு’ என்று. அதில் பொடி எழுத்தில் எழுதியிருக்கும் பெயர்களைப் படிக்க பூதக்கண்ணாடி வேண்டும்.