அரசுப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது உண்மையா?

தனியார் பல்கலைக்கழகம், அரசுப் பல்கலைக்கழகம் இரண்டிலும் இடம் கிடைத்திருக்கிறது, அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் குறைவு, ஆனால் அங்கே சேர்ந்தால் கேட்பாரற்றுப் போவாய் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள், படித்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இளநிலை, முதுநிலை இரண்டையும் அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்தவன் என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் சொல்வது பொய்யில்லை. ஆனால் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். கவனிக்க ஆளில்லாத இடத்தில் தடுக்கவும் ஆளிருக்காது. இந்த இரண்டாவது பாதி புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது.

முதல் செமஸ்டர் கொஞ்சம் கொடுமையாகத்தான் இருக்கும். பெரிய வகுப்பு, கடைசி வரிசைக்குக் குரல் எட்டாது, பேராசிரியருக்கு உங்கள் பெயர் தெரியாது. நீங்கள் ஒரு வாரம் வராவிட்டாலும் வீட்டுக்கு யாரும் போன் செய்ய மாட்டார்கள். பள்ளியில் விரட்டி விரட்டிப் படிக்க வைக்கப்பட்டவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். மதிப்பெண் அதிகம் வாங்கி வந்தவர்களும் இதில் அடக்கம். மாணவர்கள் ஏன் பாதியில் படிப்பை விடுகிறார்கள் என்று ஆராய்ந்த வின்சென்ட் டின்டோ என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975இல் ஒரு விளக்கம் தந்தார். இன்றுவரை பேசப்படும் விளக்கம் அது. படிக்கும் திறமை மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை, படிப்போடும் அங்குள்ள மனிதர்களோடும் ஒட்டுதல் ஏற்பட்டதா என்பதும் முக்கியம் என்றார். என் வகுப்பில் இடையில் நின்றுபோனவர்களை நினைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி என்றே படுகிறது. பாடம் புரியாமல் போனவர்கள் அவர்களில் குறைவு. யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் ஒதுங்கியே இருந்தவர்கள்தான் அதிகம்.

ஆகவே முதல் மாதத்தில் மூன்று பேரையாவது பிடித்து வையுங்கள். ஒரு வகுப்புத் தோழர், ஒரு சீனியர், அலுவலகத்தில் ஒருவர். மூன்றாவதைப் படித்துவிட்டுச் சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

அரசுப் பல்கலைக்கழகத்தில் பாடத்திட்டத்தில் இல்லாத முதல் பாடமே அலுவலகம்தான். எனக்கு ஒரு செமஸ்டர் மதிப்பெண் பட்டியலில் ஒரு தாளுக்கு நேராக வெறும் கோடு மட்டும் இருந்தது. தேர்வு எழுதியிருக்கிறேன், ஹால் டிக்கெட்டில் கண்காணிப்பாளர் கையெழுத்து இருக்கிறது, மதிப்பெண்ணை மட்டும் காணோம். நடந்ததை எல்லாம் விளக்கி இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதிக் கொண்டு போனேன். கவுன்டரில் இருந்த அம்மா அதை முழுதாகப் படிக்கக்கூட இல்லை. வெள்ளைத்தாள் ஒன்றை என் பக்கம் தள்ளி, "பதிவு எண், தாளின் குறியீடு, எந்த செமஸ்டர், என்ன வேண்டும். நாலே வரி. கீழே துறைத் தலைவர் கையெழுத்து. இன்னொரு நகல் எடுத்து அதில் எங்க முத்திரையை வாங்கிக்கோ தம்பி, நாளைக்கு உன் கடிதமே வரலைன்னு யாராவது சொன்னா அதைக் காட்டு" என்றார். அவர் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன். அதற்கு அப்புறமும் இழுத்தடித்தார்கள் என்பது வேறு கதை. கடைசியில் வேலை முடிந்தது அந்த முத்திரை விழுந்த நகலால்தான். இன்று வங்கியோ வரி அலுவலகமோ, எங்கே போனாலும் நாலு வரி, ஒரு நகல், ஒரு முத்திரை என்றுதான் என் கை தானாக வேலை செய்கிறது. எந்தத் தாளில் படித்ததும் எனக்கு இவ்வளவு பயன்பட்டதில்லை.

அதோடு, விதிமுறைப் புத்தகத்தை ஒரு தடவையாவது முழுதாகப் படியுங்கள். வருகைப்பதிவு குறைந்தால் என்ன வழி, மறுமதிப்பீட்டுக்குக் கடைசி நாள் எது, விருப்பப் பாடத்தை எப்போது வரை மாற்றலாம், எல்லாம் அதில் இருக்கும். சீனியர்கள் சொல்வதில் பாதி அவர்கள் சேர்ந்த வருடத்து விதியாக இருக்கும், மீதி காதில் விழுந்த கதை. இந்த ஒரு விஷயத்தில் அவர்களை நம்பாதீர்கள்.

சரி, தடுக்கவும் ஆளில்லை என்றேனே, அதற்கு வருகிறேன். எனக்கு அந்த இடம் பிடித்துப்போனதே இதனால்தான்.

பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் சட்டம், மொழியியல், புள்ளியியல், தாவரவியல் என்று ஒரே வளாகத்துக்குள் ஏகப்பட்ட துறைகள் இருக்கும். நான் படித்தது பொருளாதாரம். இரண்டாம் ஆண்டில் நண்பனுக்காகக் காத்திருந்தபோது வரலாற்றுத் துறை வகுப்பு ஒன்றின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். நீ யார் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரமும் போனேன். மூன்றாவது முறை பேராசிரியரிடம் நானே போய், "சார், நான் வேற துறை, உட்காரலாமா?" என்று கேட்டேன். "கேள்வி கேட்கிறதா இருந்தா உட்காருங்க" என்றார். அந்த வகுப்பில் கேட்ட வரிவசூல் பற்றிய பாடங்கள்தான் பிறகு என் முதுநிலை ஆய்வேட்டுக்குத் தலைப்பாக ஆயின. இதற்கு அனுமதிக் கடிதம் கிடையாது, கட்டணமும் கிடையாது. லேப் வகுப்புகளில் இது நடக்காது, அங்கே இருக்கை கணக்கு உண்டு. மற்றபடி முன்கூட்டியே கேட்டுவிட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் சந்தோஷப்படவே செய்வார்கள்.

நூலகமும் அப்படித்தான். முன்வரிசையில் பாடப்புத்தகங்களுக்கு அடிதடி நடக்கும், உள்ளே போகப் போக ஆளே இருக்காது. முனைவர் பட்ட ஆய்வேடுகள் அடுக்கிய அலமாரி எங்கே என்று முதல் வருடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு தலைப்பில் இதுவரை என்ன நடந்திருக்கிறது என்பதற்கு அந்த ஆய்வேடுகளின் இரண்டாம் அத்தியாயத்தைப் பார்த்தாலே போதும், யாரோ வருடக்கணக்கில் உழைத்துத் தொகுத்து வைத்திருப்பார்கள்.

படிக்கும்போதே அங்குள்ள ஆய்வு மையங்களில் ஏதாவது சின்ன வேலை கிடைத்தால் விடாதீர்கள். படம் வைத்த இணையப் பக்கங்களைச் சாதாரண மக்களிடம் கொண்டுசேர்த்த மொசைக் என்ற இணைய உலாவி (பிரவுசர்) 1993இல் வந்தது. அதை எழுதியவர்களில் ஒருவரான மார்க் ஆண்ட்ரீசன் அப்போது இளநிலை மாணவர். அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டர் மையத்தில் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், அங்கே ஊழியராக இருந்த எரிக் பினாவோடு சேர்ந்து எழுதினார். அதுவும் அரசுப் பல்கலைக்கழகம்தான். எல்லோரும் உலாவி எழுதப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஒரு கருவி பக்கத்தில் இருப்பதும், ஒரு மூத்தவர் பக்கத்தில் இருப்பதும் என்ன செய்யும் என்பதற்காகச் சொன்னேன்.

பேராசிரியர்களைப் பார்க்கத் தயங்குவார்கள் எல்லோரும். அறைக் கதவில் சந்திக்கும் நேரம் ஒட்டியிருக்கும், உள்ளே அவர் தனியாக உட்கார்ந்திருப்பார். தேர்வுக்கு முந்தின நாள் மட்டும் கூட்டம் அள்ளும். "ஒண்ணுமே புரியலை சார்" என்று போகாதீர்கள். இந்தப் பக்கம், இந்த வரி வரைக்கும் புரிந்தது, இதற்கு மேல் புரியவில்லை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பின்னாளில் சிபாரிசுக் கடிதம் கேட்கப் போகும்போது உங்களை அவருக்கு நினைவிருக்கும்.

கூட இருப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவு வேலை முடித்துவிட்டு நேராக வகுப்புக்கு வருபவர், குழந்தை பெற்ற பிறகு படிக்க வந்த அக்கா, குடும்பத்திலேயே முதல்முறையாகப் பட்டப்படிப்பில் கால் வைத்தவர், விடுமுறைக்கு வெளிநாடு போகிற வீட்டுப் பையன் என்று எல்லோரும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். குழுவாகச் செய்யும் வேலையில் இது எரிச்சலாக இருக்கும். இரவு வேலை பார்ப்பவரால் மாலையில் வர முடியாது, தொலைவிலிருந்து வருபவர் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். ஆனால் வறுமையைப் பற்றிப் பாடம் நடந்தபோது எங்கள் வகுப்பில் ஒருவர் எழுந்து புத்தகத்தில் இருந்த கணக்கு ஏன் தப்பு என்று தன் வீட்டு வரவு செலவை வைத்தே விளக்கினார். பேராசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். வகுப்பு முடிந்தும் யாரும் எழுந்து போகவில்லை.

மாணவர் அரசியல் இருக்கும். அதைக் காட்டியும் வீட்டில் பயமுறுத்துவார்கள். இது இன்று நேற்று வந்ததில்லை. இத்தாலியில் பொலோனா பல்கலைக்கழகத்தின் ஆரம்ப நூற்றாண்டுகளில் மாணவர் சங்கங்களே ஆசிரியர்களை அமர்த்தின, தாமதமாக வந்த ஆசிரியருக்கு அபராதமும் போட்டன. அர்ஜென்டினாவின் கோர்டோபாவில் 1918இல் மாணவர்கள் போராடி நிர்வாகத்திலேயே இடம் கேட்டார்கள், அந்தச் சீர்திருத்தம் லத்தீன் அமெரிக்கா முழுக்கப் பரவியது. ஹாஸ்டல் தண்ணீர், நூலக நேரம், கட்டண உயர்வு போன்றவை மாணவர்கள் ஒன்றாகக் கேட்காமல் மாறியதாக நான் பார்த்ததில்லை. ஆனால் வேலைநிறுத்தம் வந்தால் தேர்வு தள்ளிப்போகும், வெளியில் வேலையோ மேற்படிப்போ கிடைத்திருப்பவர்களுக்கு அது பெரிய அடி. இரண்டும் நிஜம்.

கட்டணம் குறைவு என்பதன் மறுபக்கத்தையும் மறைக்கப்போவதில்லை. காலியான ஆசிரியர் இடங்கள் காலியாகவே கிடக்கும், தற்காலிக ஆசிரியர்கள் ஓட்டுவார்கள். லேப் கருவி பழுதானால் சரிசெய்யப் பணம் வரும்வரை காத்திருக்க வேண்டும். யாராவது பக்கத்தில் இருந்து நேரம் வகுத்துக் கொடுத்தால்தான் படிப்பு ஓடும் என்பவர்களுக்கு இந்த இடம் சிரமம், அவர்களிடம் நான் தனியாருக்கே போங்கள் என்பேன். கடன் வாங்கித்தான் தனியாருக்குப் போக வேண்டும் என்றால் மட்டும் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

சேருவதற்கு முன் ஒருநாள் நேரில் போய்ப் பாருங்கள். இணையதளத்தில் இருக்கும் படங்களை விட்டுவிடுங்கள். உங்கள் துறையில் இறுதியாண்டு படிப்பவர் இரண்டு பேரைப் பிடித்து, தேர்வு முடிந்து முடிவு வர எவ்வளவு காலமாகிறது, நூலகம் இரவு எத்தனை மணிவரை, எத்தனை நிரந்தர ஆசிரியர்கள் இருக்கிறார்கள், போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெண்கள் என்றால் ஹாஸ்டல் கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது, இரவில் லேபிலிருந்து திரும்பும் வழியில் விளக்கு எரிகிறதா என்பதையும் அங்கே தங்கியிருக்கும் மாணவியிடமே கேட்பது நல்லது. நான்கில் மூன்றுக்கு நல்ல பதில் வந்தால் நான் சேர்ந்துவிடுவேன். முடிவுகள் மாதக்கணக்கில் தாமதமாகின்றன என்றால், அது எந்தத் துறையில், ஏன் என்று மட்டும் இன்னொருவரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.