பருத்தி நூலில் துளைப் பின்னல்: கண்ணி குறைவதும் துண்டு நீண்டு தொங்குவதும் ஏன்?

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக உல்லன் நூலில் மப்ளரும் குழந்தைத் தொப்பியும் பின்னி வருகிறேன். நம் ஊர் வெயிலுக்கு ஏற்றதாக இருக்கட்டும் என்று முதன்முறையாகப் பருத்தி நூலில், லேஸ் போன்ற துளை வேலைப்பாடு உள்ள ஒரு ஸ்டோல் தொடங்கினேன். இணையத்தில் கிடைத்த அமெரிக்கச் செய்முறையில் 8ஆம் எண் ஊசி என்று இருந்ததால் கடையில் அதையே கேட்டு வாங்கினேன். கண்ணிகள் இறுக்கமாக நிற்கின்றன, நான்கு வரிசைக்கு ஒருமுறை எண்ணிக்கை குறைந்துவிடுகிறது. மூன்று முறை பிரித்துவிட்டேன். நான்காவது முறை ஒரு முழம் பின்னித் துவைத்துக் கொடியில் போட்டபோது, அது நீண்டு ஒடுங்கிப் போயிற்று. நூலை மாற்ற வேண்டுமா, ஊசியை மாற்ற வேண்டுமா? (வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்)

பதில்: புது நூல், புது ஊசி, புது வேலைப்பாடு என்று மூன்றையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொண்டதால், எந்தத் தவறு எதனால் வருகிறது என்று உங்களால் பிரித்துப் பார்க்க முடியாமல் போயிருக்கிறது. மூன்றையும் தனித்தனியே பார்த்துவிட்டால், நூலை மாற்றாமலேயே அந்த ஸ்டோலைப் பின்னி முடிக்கலாம்.

முதலில் ஊசி. நம் ஊர்க் கடைகளில் விற்கும் பின்னல் ஊசிகளுக்குப் பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் எண்களே இருக்கின்றன. அந்த முறையில் எண் கூடக்கூட ஊசி மெலிந்துகொண்டே போகும். அமெரிக்க எண்முறை இதற்கு நேர் எதிரானது. கடையில் நீங்கள் வாங்கிய 8ஆம் எண் ஊசியின் குறுக்களவு 4 மில்லிமீட்டர். செய்முறையை எழுதியவர் சொன்ன 8ஆம் எண்ணோ 5 மில்லிமீட்டர். 10ஆம் எண் என்றால் வித்தியாசம் இன்னும் அதிகம்: இங்கே 3.25, அங்கே 6. கண்ணிகள் இறுகி நின்றதற்கும், இரண்டு கண்ணிகளைச் சேர்த்துப் பின்ன முடியாமல் நீங்கள் திணறியதற்கும் இது முக்கியமான காரணம். எந்தச் செய்முறையை எடுத்தாலும் எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டர் அளவை மட்டும் பாருங்கள். பருத்தி நூலில், குறிப்பாகப் பளபளப்பான மெர்சரைஸ்டு நூலில், உலோக ஊசி வழுக்கும். மூங்கில் ஊசி கண்ணிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கையில் வியர்வை கசியும் சித்திரை, வைகாசியில் அக்ரிலிக் நூல் பின்னுபவர்களுக்கு மட்டும் உலோக ஊசியே வசதி.

இனி நூல். புதுச்சேரியில் நேரு வீதிக் கடைகளிலும் சரி, கடலூரிலும் சரி, "உல்லன் நூல்" என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக்தான். சந்தேகமாக இருந்தால் ஒரு விரற்கடை நூலைக் கத்தரித்து, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள்: அக்ரிலிக் உருகிக் கடினமான கரிய மணியாகும், கம்பளி முடி கருகும் நாற்றத்துடன் கருகி விரலில் பொடியும், பருத்தி காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலை விடும். நீங்கள் இதுவரை பின்னியது அக்ரிலிக்கோ கம்பளியோ எதுவாயினும், அது இழுத்தால் கொடுத்து, விட்டால் திரும்பும் நூல். பருத்திக்கு அந்தக் குணம் மிகக் குறைவு, எடையும் கூடுதல். ஒரு கன சென்டிமீட்டர் கம்பளி இழை ஏறத்தாழ 1.31 கிராம் என்றால், பருத்தி இழை 1.54 கிராம். ஈரமானதும் இன்னும் கனத்துவிடும்.

கொடியில் நடந்தது என்ன என்பதை உங்கள் வீட்டில் இருக்கும் ஒரு பழைய பனியனிலேயே பார்த்துவிடலாம். திருப்பூரில் இயந்திரத்தில் பின்னப்படும் பனியன் துணியும், நாம் ஒரு வரிசை நிட் (நேர்ப் பின்னல்), ஒரு வரிசை பர்ல் (அதன் மறுபுறப் பின்னல்) என்று கையால் பின்னுவதும் அமைப்பில் ஒன்றே. கிழிந்த பனியனிலிருந்து உள்ளங்கை அளவு துண்டை வெட்டி வெளிச்சத்தில் பிடித்தால், நிட் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சிறுசிறு 'V' வடிவங்கள் தெரியும். அதை மேலும் கீழுமாக இழுங்கள்: ஒவ்வொரு 'V'யின் கால்களும் நீண்டு ஒட்டிக்கொள்ள, துண்டு நீளமாகும், அதே அளவுக்கு அகலம் ஒடுங்கும். நூல் எங்கும் நீளவில்லை. அகலத்திலிருந்த நூல்தான் நீளத்துக்குப் போயிற்று. உங்கள் ஸ்டோலுக்கும் இதுவே நேர்ந்தது. கம்பளியாக இருந்தால் இழையின் சுருள் அதைத் திரும்ப இழுத்திருக்கும். பருத்தியில் அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும்: துவைத்ததும் டவலில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்துவிட்டு, கோரைப்பாயின்மேல் மெல்லிய வேட்டியை விரித்து, துண்டை வேண்டிய அகலத்துக்கு இழுத்துக் குண்டூசி குத்திக் கிடத்தி உலர்த்த வேண்டும். கொடியில் போடவே கூடாது. (வெட்டிய பனியன் துண்டின் ஓரம் சுருள்வதையும் கவனியுங்கள். அதைத் தடுக்கத்தான் ஸ்டோலின் இருபுறமும் எல்லா வரிசையிலும் நிட்டாகவே பின்னும் நான்கு கண்ணி ஓரம் தேவைப்படுகிறது.)

குண்டூசி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. முத்தியால்பேட்டையில் கடலுக்கு அருகில் குடியிருந்த காலத்தில், ஒரு கார்த்திகை மாத மழையில், வெள்ளைப் பருத்தியில் பின்னிய குழந்தைச் சால்வை ஒன்றைச் சாதாரணக் குண்டூசி குத்தி உலர வைத்தேன். உலர இரண்டு நாள் ஆயிற்று. ஊசிகளை எடுத்தபோது ஓரம் நெடுகப் பழுப்புப் புள்ளிகள் வரிசையாக நின்றன. உப்புக் காற்றில் இரும்பு எவ்வளவு விரைவாகத் துருப்பிடிக்கும் என்பது கடலூர்க்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துருப்பிடிக்காத எஃகு ஊசிகளையே வாங்குங்கள். மழைக்காலத்தில் மின்விசிறிக்கு அடியில் உலர்த்துங்கள்.

எண்ணிக்கை குறையும் சிக்கல்தான் உங்களை மிகவும் சோர்வடைய வைத்திருக்கிறது என்பதால், அதை விரிவாகச் சொல்கிறேன். துளைப் பின்னலின் கணக்கு எளியது. ஊசியின்மேல் நூலை ஒருமுறை சுற்றி எடுத்தால் ஒரு துளையும் ஒரு புதுக் கண்ணியும் கிடைக்கும்; இரண்டு கண்ணிகளைச் சேர்த்துப் பின்னினால் ஒரு கண்ணி குறையும். சுற்றும் சேர்ப்பும் சமமாக இருக்கும்வரை எண்ணிக்கை மாறாது. மாறினால், பெரும்பாலும் ஒரு சுற்று விடுபட்டிருக்கும், அல்லது திரும்பி வரும் வரிசையில் அந்தச் சுற்று ஊசியிலிருந்து நழுவியிருக்கும்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளின் பழைய பின்னலான 'ஓல்டு ஷேல்' மாதிரியில் இதைப் பழகுங்கள். தேவனாம்பட்டினத்தில் அலை திரும்பிப் போகும்போது ஈர மணலில் விட்டுச்செல்லும் வளைகோடுகள்போல இருக்கும். நான்கு வரிசைகளில் ஒன்றில் மட்டுமே வேலை உண்டு என்பதால் புதியவருக்கு இதைவிட ஏற்றது எனக்குத் தெரிந்து இல்லை. மாதிரிக்கு 18 கண்ணி, ஓரத்துக்குப் பக்கத்துக்கு 4 என 26 கண்ணி ஏற்றுங்கள். முதல் வரிசை முழுவதும் நிட். இரண்டாவதில் ஓரங்கள் நிட், நடு 18 பர்ல். மூன்றாவதில் ஓரம் 4 நிட் பின்னி, இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று முறை, பிறகு 'ஒரு சுற்று, ஒரு நிட்' என்று ஆறு முறை, மீண்டும் இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று முறை, ஓரம் 4 நிட். நான்காவது முழுவதும் நிட். மூன்றாம் வரிசையில் ஆறு கண்ணி குறைந்து ஆறு கூடுகிறது. 18 என்பது 18ஆகவே நிற்கும்.

ஒவ்வொரு 18 கண்ணிக்கும் இடையில் வேறு நிற நூலால் சிறு வளையம் கட்டி ஊசியில் மாட்டிக்கொள்ளுங்கள். மூன்றாம் வரிசை முடிந்ததும் வளையத்துக்கு வளையம் எண்ணினால் தவறு எந்தப் பகுதியில் இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். முழு வரிசையையும் எண்ண வேண்டாம். சுற்று விடுபட்டிருந்தால் பிரிக்கவும் வேண்டாம். நான்காம் வரிசையில் அந்த இடத்துக்கு வரும்போது, இரு கண்ணிகளுக்கு இடையே கிடக்கும் குறுக்கு நூலை இடக்கை ஊசியால் முன்பக்கத்திலிருந்து தூக்கி, வழக்கமான நிட்டாகவே பின்னிவிடுங்கள். பின்கால் வழியாக, அதாவது ஊசிக்குப் பின்னால் இருக்கும் இழையின் வழியாக, பின்னினால் நூல் முறுக்கிக்கொண்டு துளை மூடிவிடும். இப்படி மீட்ட துளை மற்றவற்றைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கும்; துவைத்துக் கிடத்தினால் சரியாகும்.

இதற்கும் மேலாகக் காப்பு நூல் என்ற வழி இருக்கிறது. எட்டு வரிசைக்கு ஒருமுறை, இரண்டாம் வரிசையின் பர்ல் முடிந்ததும், மெல்லிய வழவழப்பான வெள்ளை நூலைத் தையல் ஊசியில் கோத்து, ஊசியில் உள்ள எல்லாக் கண்ணிகளின் ஊடாகவும் செலுத்தி விடுங்கள்; வளையங்களுக்குள் மட்டும் போகக் கூடாது. பிறகு எங்கே தவறினாலும் அந்த நூல்வரை துணிந்து பிரிக்கலாம், ஒரு கண்ணியும் ஓடாது. இதைத் தெரிந்துகொண்டிருந்தால் நீங்கள் மூன்று முறை அடிவரை பிரித்திருக்க மாட்டீர்கள். சாயம் போகும் சிவப்பு, நீல நூல்களை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

மாதிரித் துண்டில் 32 வரிசை பின்னியதும், முடிக்கும் கண்ணிகளைத் தளர்வாக முடித்து, துவைத்து, கிடத்தி உலர்த்தி அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, அதன் அடியில் நான்கைந்து துணிக் கிளிப்புகளை மாட்டி ஒரு நாள் தொங்கவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். ஸ்டோல் தோளில் தொங்கும் பொருள் என்பதால் இந்த இரண்டாவது அளவுதான் உங்களுக்கு வேண்டியது. 10 சென்டிமீட்டர் 11 ஆகியிருந்தால், 150 சென்டிமீட்டர் ஸ்டோலை 136இல் நிறுத்திவிடலாம். மீதியை அதன் எடையே பார்த்துக்கொள்ளும். அகலத்துக்கும் அப்படியே: துவைத்த மாதிரியில் 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி வந்தால், நான்கு அலைகளுக்கான 72 கண்ணியும் ஓரம் 8உம் சேர்ந்து 80, அதாவது 40 சென்டிமீட்டர். கையில் இருக்கும் 4 மில்லிமீட்டர் ஊசியில் மாதிரி இறுக்கமாக வந்தால் 4.5 மில்லிமீட்டர் ஊசியில் இன்னொரு மாதிரி பின்னிப் பாருங்கள். 5 மில்லிமீட்டருக்கு அவசரப்பட்டுப் போக வேண்டாம் என்பது என் கருத்து. அந்த அளவு செய்முறையாளரின் நூலுக்கும் கைக்கும் உரியது.

இப்போது கையில் இருக்கும் அந்த ஒரு முழத்தைப் பிரித்துவிடுங்கள், நூல் வீணாகாது. நாற்காலி முதுகில் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பிழியாமல் தொங்கவிட்டால் நெளிவுகள் பெருமளவு நீங்கிவிடும். சிட்டத்தை மட்டும் கொடியில் போடலாம். காய்ந்ததும் பந்தாகச் சுற்றிக்கொண்டு, ஸ்டோலின் முதல் வரிசைக்கான 80 கண்ணிகளை இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் பிடித்து ஏற்றிவிட்டு ஒரு ஊசியை உருவிவிடுங்கள். அடிவிளிம்பு இறுகினால் ஓல்டு ஷேலின் அலைகள் வளையாமல் நேராக நின்றுவிடும்.