சோதோம் வசனத்தைக் காட்டும் அண்ணனுக்கு என்ன பதில்?

தம்பி, உங்கள் ஒருபால் ஈர்ப்பைச் சொன்னதிலிருந்து அண்ணன், அது பாவம் என்று காட்ட, பைபிளில் சோதோம் நகரத்தின் கதை வரும் ஆதியாகமம் 19-ஐயே வாசித்துக் காட்டுகிறார் என்கிறீர்கள். நியாயாதிபதிகள் 19-ஐயும் வாசிக்கச் சொல்லுங்கள். அதில் வரும் கிபியா என்ற ஊரிலும் ஏறக்குறைய அதே கதைதான்: விருந்தாளியை வெளியே அனுப்பு என்று ஊர்க்காரர்கள் வீட்டைச் சூழ்கிறார்கள், கடைசியில் ஒரு பெண்ணை விடியும்வரை வதைக்கிறார்கள். அதை வைத்து ஆண்-பெண் காதலே பாவம் என்று எவரும் பிரசங்கிப்பதில்லையே! இரண்டு இடத்திலும் குற்றம் கும்பல் வன்முறைதான். எசேக்கியேல் 16:49 சோதோமின் அக்கிரமமாகச் சொல்வது செருக்கு, மிதமிஞ்சிய உணவு, ஏழைக்குக் கைகொடுக்காமை. அடுத்த வசனத்தில் 'அருவருப்பு' இருக்கிறதே என்று அண்ணன் மடக்கலாம். அது எது என்று அங்கே சொல்லப்படவில்லை. ஆணோடு ஆண் படுப்பதை அருவருப்பு என்று சொல்லும் லேவியராகமம் 18:22 தனி விவாதம், இன்னும் கடினமானது. இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள். வீட்டைவிட்டுப் போ என்று மிரட்டினால் வாதத்தை நிறுத்திவிட்டு, தங்குவதற்குப் பாதுகாப்பான இடத்தை முதலில் பாருங்கள்.