விஜயனின் கதையில் விட்டுப்போன பாதி

அன்புள்ள ஐயா,

ஃபுட்பால் வீரர் ஐ.எம். விஜயனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். அதுவரை அவரை ஒரு விஷால் படத்து வில்லனாக மட்டும்தான் எனக்குத் தெரியும். என் மகன் பத்தாவது படிக்கிறான். ஃபுட்பால் பைத்தியம். பதினொன்றாவதில் சேராமல் முழுநேரமும் ஆடப் போகிறேன் என்று நிற்கிறான். அவனுடைய கோச்சும், "சோடா வித்த பையன் இந்தியா கேப்டன் ஆகலையா, உங்க பையனுக்கு என்ன சார் குறை?" என்கிறார். என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. முப்பத்தைந்து வயதில் ஆட்டம் முடிந்தபிறகு இவர்களெல்லாம் என்ன ஆகிறார்கள்? விஜயன் என்ன ஆனார்?

ச., ஆவடி

அன்புள்ள ச.,

கோச் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கதையைப் பாதியோடு நிறுத்திவிட்டார். மீதிப் பாதியில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

விஜயன் 1969-ல் திருச்சூரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். அம்மாவின் உழைப்பில்தான் வீடு ஓடியது. திருச்சூர் முனிசிபல் ஸ்டேடியத்தில் மேட்ச் நடக்கும்போது பையன் சோடா விற்றான், பாட்டிலுக்குப் பத்து பைசா. இதைச் சொல்லிவிட்டு எல்லோரும் நேராக இந்திய டீமுக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவே நடந்ததை யாரும் சொல்வதில்லை. கேரளத்தின் ஸ்போர்ட்ஸ் கவுன்சில் நடத்திய பயிற்சி முகாமில் அவனுக்கு இடம் கிடைத்தது. டி.கே. சாத்துண்ணி போன்ற நல்ல கோச்சின் கையில் போய்ச் சேர்ந்தான். ஏழைப் பையனைத் தேடிப் பிடித்துக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்க அரசு ஏற்பாடு ஒன்று அந்த ஊரில் இருந்தது. அது இல்லையென்றால், எவ்வளவு திறமை இருந்தும் அவன் சோடா விற்றுக்கொண்டே இருந்திருப்பான்.

அதைவிடப் பெரிய விஷயம் போலீஸ் வேலை. எண்பதுகளில் கேரள போலீஸுக்கு எம்.கே. ஜோசப் என்று ஒரு டி.ஜி.பி. இருந்தார். போலீஸுக்கு ஒரு நல்ல ஃபுட்பால் டீம் வேண்டும் என்று நினைத்த மனிதர். பதினேழு வயது விஜயனின் ஆட்டம் அவர் கண்ணில் பட்டது. 1987-ல் விஜயன் கான்ஸ்டபிள் ஆனார். மாதாமாதம் சம்பளம், காலையும் மாலையும் பயிற்சி. கூட ஆடியவர்கள் வி.பி. சத்யன், பாப்பச்சன், ஷரஃப் அலி, குரிகேஷ் மேத்யூ, கோல்கீப்பர் சாக்கோ. 1990-ல் இந்த டீம், நாட்டின் கிளப்புகள் மோதும் ஃபெடரேஷன் கோப்பை ஃபைனலில் கோவாவின் சல்கோக்கர் கிளப்பை 2-1 என்று ஜெயித்தது. எங்கே தெரியுமா? அதே திருச்சூர் முனிசிபல் ஸ்டேடியத்தில். அடுத்த வருஷமும் கோப்பை அவர்களுக்கே. கொல்கத்தாவிலும் கோவாவிலும் கால்பந்தையே தொழிலாக வைத்திருந்த கிளப்புகள் அத்தனை இருக்க, ஒரு மாநில போலீஸ் டீம் இதைச் செய்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

விஜயனின் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மனசு ஆறாது. கோலுக்கு முதுகைக் காட்டி நிற்பார். உயரத்திலிருந்து வரும் பந்தை நெஞ்சில் வாங்குவார். பந்து தரையைத் தொடுவதற்குள் உடம்பு திரும்பியிருக்கும். பின்னால் தடுத்து நிற்கும் ஸ்டாப்பருக்குக் காலை எடுத்துவைக்கக்கூட நேரமிருக்காது. கொல்கத்தாக்காரர்கள் அவரைக் கறுப்பு மான் என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள்.

1991-ல் கொல்கத்தாவின் மோகன் பகான் கிளப் அழைத்தது. போலீஸை விட்டுப் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். அப்புறம் பஞ்சாபில் ஃபக்வாராவின் ஜே.சி.டி. மில்ஸ் டீம். அங்கே பைச்சுங் பூட்டியாவும் சேர, 1996-97-ல் முதல் தேசிய லீக் பட்டம் ஜே.சி.டி.க்குப் போனது. 1997-ல் கேரளத்தின் எஃப்.சி. கொச்சின் கிளப்புக்கு வந்தார். அந்த வருஷமே அவர்கள் டூரண்ட் கோப்பையை எடுத்தார்கள், கேரளக் கிளப் ஒன்றுக்கு முதல் தடவை. 1993, 1997, 1999 என மூன்று முறை இந்தியாவின் சிறந்த ஆட்டக்காரர். 1999 தெற்காசிய விளையாட்டில் பூடானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 12-வது நொடியில் கோல் போட்டார். கடைசியாக இந்தியாவுக்கு ஆடியது 2003-ல் ஹைதராபாத்தில், ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டில். நான்கு கோல் அடித்து, இந்தியாவை ஃபைனல் வரை கொண்டுபோனார். உஸ்பெகிஸ்தானிடம் 0-1 என்று தோற்றோம். அப்போது அவருக்கு முப்பத்து நான்கு வயது. இன்னும் சில வருஷம் கிளப்புகளுக்கு ஆடினார்.

சரி, அப்புறம்? போலீஸுக்கே திரும்பினார். சினிமா ஒரு பக்கம் இருந்தது, ஆனால் சோறு போட்டது யூனிஃபார்ம்தான். 2025 ஏப்ரலில் மலப்புரத்தில் உள்ள மலபார் ஸ்பெஷல் போலீஸிலிருந்து டெப்யூட்டி கமாண்டன்ட்டாக ஓய்வு பெற்றார். அவர் ஆடிய ஜே.சி.டி. 2011-ல் டீமைக் கலைத்துவிட்டது. எஃப்.சி. கொச்சினும் இன்றைக்கு இல்லை. அந்தக் கான்ஸ்டபிள் வேலை மட்டும் கடைசிவரை கூட வந்தது.

இதைப் படித்துவிட்டு, வேலை கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். போலீஸ் டீமில் விஜயனோடு ஆடிய சத்யனைப் பற்றியும் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். கண்ணூர்க்காரர், இந்திய கேப்டன், 1995-ல் தெற்காசியத் தங்கம் வாங்கிய டீமை நடத்தியவர். சென்னையில் இந்தியன் வங்கியில் வேலை பார்த்தார். கால் காயங்கள் அவரை விடவே இல்லை. ஆட முடியாமல் போனதும் மனசும் சோர்ந்துபோனது. 2006 ஜூலையில் பல்லாவரம் ரயில் பாதையில் அவர் வாழ்க்கை முடிந்தது. வயது நாற்பத்தொன்று. உங்கள் ஆவடியிலிருந்து எவ்வளவு தூரம்? காயம் பட்ட ஆட்டக்காரனின் மனநிலையை விசாரிக்க அன்றைக்கு நம்மிடம் ஆள் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இப்போது உங்கள் மகனுக்கு வருவோம். அன்றைக்குப் போலீஸ், ரயில்வே, ஐ.சி.எஃப்., வங்கிகள் எல்லாம் போட்டி போட்டு ஆள் எடுத்தன. இந்தியன் வங்கி தேசிய லீகிலேயே ஆடியது. இன்றைக்கு அந்த வாசல்கள் ரொம்பக் குறுகிவிட்டன. கிளப்பில் பணம் கூடியிருக்கிறது, ஆனால் 2025-ல் நாட்டின் பெரிய கிளப் லீகான ஐ.எஸ்.எல். குறித்த காலத்தில் தொடங்காமல் நின்றுபோய், சம்பளமே நிச்சயமில்லாமல் ஆட்டக்காரர்கள் தவித்ததைப் பார்த்தோம்.

ஆகவே உங்கள் பயம் நியாயமானது. அதற்காகப் பையனின் பூட்ஸைப் பிடுங்கி வைக்காதீர்கள். பதினொன்றாவதில் சேரட்டும், ஆட்டமும் நடக்கட்டும். ப்ளஸ் டூ இருந்தால்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நல்ல கல்லூரிக்குப் போக முடியும். பல்கலைக்கழக டீமில் ஆடலாம், மிச்சமிருக்கும் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைகளுக்கும் முயற்சி செய்யலாம்.

கோச்சிடம் ஒன்று கேளுங்கள். அவரிடம் பயிற்சி எடுத்த பையன்களில் இன்றைக்குச் சென்னை லீகில் யார், எந்த டீமில் ஆடுகிறார்கள்? காயம் பட்டு நின்றுபோனவர்கள் எங்கே இருக்கிறார்கள்? பெயர் சொல்லி அவர் பதில் தந்தால் மகனை நம்பி ஒப்படையுங்கள். திரும்பவும் விஜயன் கதையையே சொன்னால் வேறு கோச்சைத் தேடுங்கள்.

அன்புடன்.