சூசன் டீச்சர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள்

கேள்வி: பழைய காலத்துக் குடும்பக் கடிதங்களில் உங்கள் மனதை விட்டு அகலாதவை எவை?

சூசன் பி. ஆன்டனி வீட்டுக்கு எழுதியவை. அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர் என்றுதான் அவரைப் பலருக்கும் தெரியும். அதற்கு முன்னால் ஏறக்குறைய பத்து வருடம் அவர் பள்ளிக்கூட டீச்சர். நானும் டீச்சர். ஒருவேளை அதனால்தான் அவருடைய மேடைப் பேச்சுகளைவிட இந்தக் கடிதங்கள் எனக்கு நெருக்கமாகப் பட்டனவோ என்னவோ.

அப்பா டேனியல் நியூயார்க் மாநிலத்தில் பருத்தி ஆலை நடத்தியவர். 1837-ல் வந்த பொருளாதார நெருக்கடியில் நொடித்துப் போனார். அடுத்த வருடம் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. ஏலப் பட்டியலில் மூக்குக்கண்ணாடிகூட இருந்தது. தாய்மாமன் ஜோஷுவா ரீட் முக்கியமான பொருள்களை ஏலத்தில் எடுத்து சகோதரி குடும்பத்திடமே திருப்பிக் கொடுத்தார். கடனை அடைக்கக் கைகொடுக்கத்தான் சூசன் 1839-ல் நியூ ரோஷல் என்ற ஊரில் ஒரு விடுதிப் பள்ளிக்கு உதவி ஆசிரியையாகப் போனார். 15 வாரத்துக்குச் சம்பளம் 30 டாலர்.

அந்தக் காலத்து அஞ்சல் கட்டணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1845 வரை தூரத்தையும் தாள் எண்ணிக்கையையும் வைத்துத்தான் கட்டணம். 150 மைலைத் தாண்டி 400 மைல் வரை ஒரு தாளுக்கு 18¾ சென்ட். உறை போட்டால் அதுவும் ஒரு தாள் கணக்கு. அதனால் எழுதிய தாளையே மடித்து, அரக்கு வைத்து, முதுகில் முகவரி எழுதுவார்கள். பெரும்பாலும் காசு கட்டுவது கடிதத்தைப் பெறுகிறவர். வாரம் 2 டாலர் வாங்கும் மகள் எழுதுகிற ஒவ்வொரு தாளும் கடனில் கிடக்கும் வீட்டுக்கு இன்னொரு செலவு! அப்படிப்பட்ட தாளில் என்ன எழுதினார் தெரியுமா? சூசன் குடும்பத்தின் கிறிஸ்தவப் பிரிவு குவேக்கர். அந்த ஊர்க் குவேக்கர்கள் கறுப்பினத்தவரோடு சேர்ந்து உட்காரத் தயங்குவதைப் பார்த்துக் கொதித்துப்போய் எழுதினார். தான் கறுப்பினத்தவர் வீட்டுக்குப் போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்ததை அவ்வளவு சந்தோஷமாக எழுதினார். அப்போது அவருக்கு வயது 19.

1846-ல் மோஹாக் பள்ளத்தாக்கில் இருக்கும் கனஜோஹரி ஊர் அகாடமியில் பெண்கள் பிரிவுக்குத் தலைமை ஆசிரியை ஆனார். ஆண்டுக்கு 110 டாலர். இங்கிருந்து போன கடிதங்களில் துணிமணிப் பேச்சு நிறைய. எளிய உடைதான் உடுத்த வேண்டும் என்ற குவேக்கர் வீட்டுப் பெண், கெஜம் 2 டாலர் என்று பிளம் பழ நிறத்தில் மெரினோ கம்பளித் துணி எடுக்கிறார். கல்யாணமான சகோதரிகளுக்கு இப்படி நல்ல துணி எடுக்க முடியாதே, அவர்களுக்கு வருத்தமாக இருக்காதா என்றும் கேட்கிறார். இதைச் சின்ன விஷயம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. சொந்தக் காசு கையில் இருப்பது என்றால் என்னவென்று அவர் தெரிந்துகொண்ட இடம் அது.

என்னை உலுக்கியது 1848-ல் வீட்டுக்கு எழுதியது. இருபது பிள்ளைகள், நல்ல பிள்ளைகள்தான். ஆனால் காட்ட வேண்டிய ஆர்வத்தை நானே உற்பத்தி செய்ய வேண்டியிருக்கிறது. வசந்த விடுமுறைகூட இந்தச் சோர்வைப் போக்கவில்லை என்கிறார். வகுப்பறையில் பல வருடம் நின்ற எவருக்கும் இது புரியும். நான் அதைப் படித்த அன்று மேற்கொண்டு எதுவும் படிக்கவில்லை.

1849 மார்ச் 1 அன்று அதே ஊரில் மதுவிலக்குச் சங்கப் பெண்கள் முன் முதல் முறையாக மேடையேறிப் பேசினார். அதே சமயத்தில்தான் அவர் தங்கியிருந்த வீட்டில் உறவுக்காரப் பெண் மார்கரெட் பிரசவத்துக்குப் பின் படுக்கையில் கிடந்தார். சூசன்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டார். ஒரு நாள் மார்கரெட்டின் கணவர் தலைவலி என்கிறார். எனக்கும் பல நாளாகத் தலைவலி என்கிறார் மார்கரெட். அதற்குக் கணவர், என்னுடையது நிஜமான வலி, உன்னுடையது இயற்கையாக வருவதுதானே என்கிறார். சூசன் இதை அம்மாவுக்கு அப்படியே எழுதினார். சில வாரங்களில் மார்கரெட் இறந்துபோனார். அந்த வருடமே சூசன் வேலையை விட்டுவிட்டு வீடு திரும்பினார்.

அந்தக் கடிதத்தைப் படித்த அம்மா லூசியையும் நினைத்துப் பார்க்கிறேன். குடும்பம் பிறகு குடியேறிய ராச்செஸ்டர் பண்ணையை வாங்கியது அவருக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்த பணத்தில். அவர் பேரில் எழுதினால் சட்டப்படி அது கணவருடையதாகி, கடன்காரர்கள் கைக்குப் போய்விடும். அதனால் 1848-ல் மாநிலச் சட்டம் மாறும்வரை சகோதரர் ஜோஷுவா பேரிலேயே பத்திரம் இருந்தது. அதே வருடம் ஆகஸ்ட் 2 அன்று ராச்செஸ்டரில் நடந்த பெண்கள் உரிமை மாநாட்டில் லூசி, டேனியல், இளைய மகள் மேரி மூவரும் பெண்களுக்குச் சம உரிமை கேட்ட பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சூசன் அந்த மாநாட்டுக்கு வரவில்லை.